முப்பது வினாடி பின்னால்

கண்ணில் சொட்டு விழுந்ததும் எரிந்தது. மூடுங்க சார், நான் சொல்ற வரைக்கும் திறக்காதீங்க என்று சொல்லிவிட்டு நர்ஸ் பெண் அடுத்த நாற்காலிக்குப் போனாள், அங்கேயும் அதையே அதே குரலில் சொன்னாள், அதற்கடுத்த நாற்காலியிலும் சொன்னாள். கூடம் முழுக்க மனிதர்கள் வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ஏதோ கூட்டு தியானத்துக்கு வந்தவர்கள் மாதிரி, என்று நினைத்தபடி தில்லைநாயகம் இயர்போனைக் காதில் திருகிச் செருகினார். போனில் எந்த இடத்தைத் தொட்டால் கதை ஓடும் என்பது இந்த ஒரு மாதத்தில் விரலுக்கே பழகிவிட்டிருந்தது. தொட்டார். ‘மஞ்சரி படியேறி வந்தபோது மாடி அறைக் கதவு திறந்திருந்தது’ என்றாள் வசுமதி. வசுமதி அவருக்கு மனைவியாக இருந்தவள். விவாகரத்து ஆகிச் சில வருஷமாகிறது, சென்னையில் இருக்கிறாள், ஒலிப்புத்தகக் கம்பெனி ஒன்றுக்கு நாவல்களைப் படித்துக் கொடுப்பதுதான் இப்போது அவளுக்கு வேலை. மாடி அறைக் கதவு ஏன் திறந்திருக்க வேண்டும், போன அத்தியாயத்தில்தானே அந்த டாக்டர் அதைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், இந்த மாதிரிக் கதை எழுதுகிறவர்களுக்குத் தான் எழுதியது தனக்கே ஞாபகம் இருக்காதா, அவர் வேலை பார்க்கிற மின்வாரியத்தில் இப்படி ஒரு ஸ்விட்சைப் போட்டதும் போடாததுமாக விட்டால் கம்பத்தில் ஏறியவன் கதி என்ன ஆகும், போன ஆடிக் காற்றில் மண்ணச்சநல்லூர் லைனில் அப்படித்தான் ஒருவன், அவன் பேர் என்ன, அவன் மாமனார்கூட ஆபீசுக்கு வந்து, சட்டென்று தில்லைநாயகம் நிமிர்ந்தார். காதுக்குள் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். மஞ்சரியா, டாக்டரா, யார் அழுவது, ஏன். போயிற்று. மறுபடியும் கவனம் போயிற்று. அவர் முப்பது வினாடி பின்னால் போகும் பொத்தானைத் தடவி அழுத்தினார், பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டார் போலிருக்கிறது, கதை இரண்டு அத்தியாயம் பின்னால் போய் எஸ்டேட்டில் மழை பெய்தது. சனியன், என்றார் வாய்விட்டு. பக்கத்தில் இருந்த பர்வதம் அக்கா, என்னடா, ரொம்ப எரியுதா என்று கேட்டாள்.

எரிச்சல் கண்ணில் மட்டும் இருந்தால் பரவாயில்லையே. விழித்திரை கழன்றுவிட்டது என்று இந்த ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னபோது சுவரில் ஒட்டிய காகிதம் மழைக்காலத்தில் உரிகிற மாதிரி ஒன்று அவர் மனசில் வந்தது, ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு வாயுக் குமிழியை விட்டிருக்கிறோம், அது விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், அதனால் குப்புறவே படுங்கள், தலையைக் கவிழ்த்தே உட்காருங்கள், ஒரு மாதத்துக்குப் படிக்கக் கூடாது என்றார்கள். படிக்கக் கூடாது என்பதை உப்பைக் குறையுங்கள் என்பது போலச் சொன்னார்கள். பல் தேய்க்கும்போதுகூடப் பற்பசைக் குழாயில் எழுதியிருப்பதைப் படிக்கிற மனுஷன் அவர். தலையணையில் நெற்றியை அழுத்திக்கொண்டு, தரையில் மொசைக் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு, புள்ளிகளில் எழுத்து தெரிகிறதா என்று தேடிக்கொண்டு கிடந்தார். நல்ல கண்ணால் ஒரு பக்கம் திருட்டுத்தனமாகப் படித்துப் பார்த்ததற்கு, ஒரு கண் அசைந்தால் இன்னொன்றும் அசையும் சார், மறுபடி கழன்றால் திரும்ப ஒட்டுவது கஷ்டம் என்று டாக்டர் சத்தம் போட்டார். அப்போதுதான் ரவூப் வந்தார். விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர் வட்டத்தை இவரோடு சேர்ந்து நடத்துகிறவர், எதையும் விசில் ஊதித் தொடங்கி வைக்கிற சுபாவம். கண்ணுதானே போச்சு, காது இருக்குல்ல என்று அவர் போனை வாங்கி எதையோ ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். கேட்பது படிப்பதாகுமா என்று இதே ரவூபிடம் வட்டத்தில் எத்தனை முறை வாதாடியிருக்கிறார். ஆகாது என்பது உடனே நிரூபணமாயிற்று. முதலில் கேட்டது ஒரு மொழிபெயர்ப்பு நாவல், பனி, போர், ரொட்டி, படித்த ஆள் ஜவுளிக்கடை விளம்பரத்துக்குப் பேசுகிற குரலில் சாவுகளை அறிவித்தான். அதை விட்டுக் காவிரிப் பாசனத்தின் வரலாறு, அதைப் படித்தது மனுஷனே இல்லை, இயந்திரம், கி.பி. என்று வருகிற இடத்திலெல்லாம் கிப்பி கிப்பி என்றது, கல்லணைக்குப் பக்கத்தில் யாரோ கோழியைக் கூப்பிடுகிற மாதிரி. அப்புறம் கவிதைகள், ஒவ்வொரு வரிக்கும் பின்னால் புல்லாங்குழல், கவிதை முடிந்த பிறகும் புல்லாங்குழல் முடியாமல் அடுத்த கவிதைக்குள் வந்து நின்றது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எதையோ தேடப்போய் எதிலோ விரல் பட்டு, இருமலை அடக்கிக்கொண்டு ஆரம்பிக்கிற ஒரு மூச்சு கேட்டது. ஒரு சொல்கூட இன்னும் வரவில்லை. மூச்சிலேயே தெரிந்துவிட்டது.

அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை, ஏன் என்று அவரையே கேட்டால் வேறு வேலை இல்லை என்பார். குப்புறக் கிடக்கிறவனுக்கு என்ன வேலை. அவள் படித்து வந்ததையெல்லாம் கேட்டார், எல்லாம் குப்பை, அவர் கடைத்தெருவில் கண்ணாலும் பார்க்காமல் தாண்டிப்போகிற புத்தகங்கள். பணக்கார வீட்டு மருமகள், சகுனம் பார்க்கிற மாமியார், ஒரு கொலை, வெற்றி பெற்ற மனிதர்களின் காலைப் பழக்கங்கள். இப்போது இந்த மஞ்சரி. மலை ஊருக்கு மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி, குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரன் டாக்டர், அவனுக்குச் சாம்பல் நிறக் கண். தமிழ்நாட்டில் யாருக்கு சாம்பல் நிறக் கண், கண்புரை முற்றினவனுக்குத்தான். டாக்டரின் அம்மா இளைய மகன் காணாமல் போன நாளிலிருந்து வாயே திறப்பதில்லை. இதை வசுமதி உயிரைக் கொடுத்துப் படிக்கிறாள், அதுதான் தாங்கவில்லை. இந்தச் சாம்பல் கண்ணனுக்காக அவள் குரல் உடைகிறது. அந்தப் பேசாத அம்மா வருகிற இடங்களில் ஒரு மாதிரி மெதுவாகி, ஒவ்வொரு சொல்லையும் சூடு பார்த்துக் கையில் கொடுப்பது போலப் படிக்கிறாள், எங்கே கற்றுக்கொண்டாள் இதையெல்லாம், வீட்டில் இருந்தபோது இப்படியா பேசினாள். பேசினாளோ. சாப்பிடும்போது அவள் கதை சொல்வாள், வாரப் பத்திரிகையில் படித்தது, பஸ்ஸில் பார்த்தது, எதிர்வீட்டுக்காரி மருமகனோடு சண்டை போட்டது, அவர் தட்டுக்கு அந்தப் பக்கம் புத்தகத்தைச் சாய்த்து வைத்து ம் ம் என்பார். நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பார்ப்போம் என்பாள். அவர் கடைசி நாலு சொல்லை அப்படியே திருப்பிச் சொல்வார், அது அவருக்கு வாய்த்த ஒரு வித்தை, அர்த்தம் உள்ளே போகாமலே சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் காதில் நிற்கும். மாட்டிக்கொண்டதே இல்லை. ஆரம்பத்தில் அவள் சிரிப்பாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். சரி, அதற்கு என்ன இப்போது, அவர் என்ன குடித்தாரா, அடித்தாரா, வெளியே ஏதாவது வைத்துக்கொண்டாரா, படித்தார், ஒரு மனுஷன் தன் வீட்டில் உட்கார்ந்து படித்தார், அதை ஒரு குற்றம் போல வக்கீல் முன்னால் சொன்னால் வக்கீலே சிரிக்கிறான். அப்புறம் அந்தக் குடை. ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வாசலில் நின்று, நான் கிளம்பறேன் என்றாளாம், அவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், குடையை எடுத்துக்கோ என்றாராம். இதை அவள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள், சொந்தக்காரர்களெல்லாம் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மூட்டமாகத்தான் இருந்தது. மழை வருகிற மாதிரி இருந்தது, சொன்னார், அதில் என்ன தப்பு. மேலும் அவள் அன்றைக்குக் குடையை எடுத்துக்கொண்டுதான் போனாள், இதை யாரும் சொல்வதில்லை.

காதில் மழை நின்று யாரோ கார்க் கதவைச் சாத்தினார்கள். எந்தக் கார், இவன் எப்போது ஊரிலிருந்து வந்தான், மறுபடியும் கோட்டை விட்டாயிற்று. பின்னால் போனார். போய்க் கேட்க ஆரம்பித்தால் ‘டாக்டர் சுந்தரின் கார்’ என்கிற சொற்களில் சுந்தருக்கு அவள் கொடுக்கிற அழுத்தம் ஏதோ பழைய காலத்து அழுத்தம், நம் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்த அழுத்தம் என்று மனசு அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது, அந்தச் சமையலறையில் ஜன்னல் பக்கம் ஒரு டப்பாவில் அவள் கிராம்பு போட்டு வைத்திருப்பாள், தொண்டைக்கு, தொண்டை கட்டாமல் இருக்க, அப்போது எதற்காக அவள் தொண்டையைப் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தாள், யாரோடு பேச. கதை போய்க்கொண்டிருந்தது. பின்னால் போனார். ஒரு பக்க நீளம் தாண்டவில்லை, இந்தக் காலை நேரம் முழுக்க இதே மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். அச்சடித்த புத்தகத்தில் இது நடக்குமா, எழுத்து ஓடிப் போகாது, காத்திருக்கும், மரியாதை தெரிந்தது. போன் மடியில் நடுங்கியது. ரவூப்தான், அந்த மணி அவருக்கென்று வைத்தது. ஞாயிறு கூட்டத்தை ஞாபகப்படுத்தினார், இந்த மாதம் நான் வாசித்தது என்பதுதான் பேச்சு, நீங்கதான் முதல்ல பேசறீங்க, வாசிச்சதும் கேட்டதும்னு தலைப்பைக் கொஞ்சம் மாத்தி எல்லாருக்கும் அனுப்பிட்டேன் என்றார். என்னத்தைப் பேச. மஞ்சரியைப் பற்றியா. அந்த நாவலின் பேரைச் சொல்லவே வாய் கூசும், அவர் கனமான புத்தகங்களைத் தூக்கிப் பிடித்துப் பேசியே பேர் வாங்கினவர், பேராசிரியர்களே அவர் பேசும்போது குறிப்பெடுப்பார்கள். புத்தகத்தைச் சொல்லாவிட்டாலும் குரலைச் சொல்ல வேண்டும், யார் படித்தது என்று யாராவது ஒருவன் கேட்பான், அந்த வட்டத்தில் குடைக் கதை தெரியாதவன் எவன். பார்க்கலாம் ரவூப் என்று வைத்தார். வைத்ததும் வேறொன்று வந்தது. பார்க்கலாம் என்று சொன்னாரே, பார்க்க முடியுமா. அரைமணியில் டாக்டர் உள்ளே கூப்பிடுவார், ஒரு விளக்கை நேராகக் கண்ணுக்குள் செலுத்திவிட்டு அவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார், அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் பயம். இன்னும் மூடியே இருங்க என்று நர்ஸ் பெண் இரண்டாம் முறை சொட்டு விட்டாள். அவர் கதையைத் தடவி முன்னால் தள்ளி ஓடவிட்டார். காதுக்குள் அந்த அம்மா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். எல்லாரும் அறைக்குள் வந்து நின்றார்கள். அந்த அம்மா மஞ்சரியின் கையைப் பிடித்து, வாயைத் திறந்து, என்று வசுமதி மூச்சை இழுத்தபோது, தில்லைநாயகம் யாரு என்று கூப்பிட்டார்கள்.

டாக்டர் விளக்கைப் பாய்ச்சினார். மேலே பாருங்க, கீழே, மூக்கைப் பாருங்க என்றார். பேசாமல் இருந்தார், இருந்தார், அப்புறம் நன்றாக ஒட்டியிருக்கிறது என்றார். குமிழியும் கரைந்துவிட்டது, நாளையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கலாம், கண் வலித்தால் நிறுத்திவிடுங்கள். பர்வதம் அக்கா டாக்டரைக் கும்பிட்டாள், அந்த விளக்கு இயந்திரத்தையும் கும்பிட்டாள். தில்லைநாயகத்துக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் எழுந்து கதவு வரை நடப்பதற்குள் சந்தோஷத்தில் ஒரு கல் தட்டுப்பட்டது. நாளையிலிருந்து படிக்கலாம் என்றால் நாளையிலிருந்து கேட்க வேண்டிய அவசியம் இல்லை. காரணம் போய்விட்டது. இனிமேல் கேட்டால் அது கேட்பது, அதற்கு அவர்தான் பொறுப்பு, எந்த டாக்டரும் பொறுப்பில்லை. இது என்ன இழவு, கண் சரியாகிவிட்டதே என்று ஒருவன் கோபப்படுவானா.

ஆட்டோவில் ஏறியதும் வெயில் வெள்ளை வெள்ளையாக உள்ளே வந்து அடித்தது. மருந்தில் விரிந்த கண்ணுக்குத் தெருவில் எல்லாவற்றுக்கும் விளிம்பு போய்விட்டிருந்தது, பஸ் ஒரு வெளிச்சக் கட்டியாக வந்து போயிற்று. அக்காவின் போன் அடித்தது. ஆமாம்மா, ஒட்டிடுச்சாம், படிக்கலாமாம், இங்கதான் இருக்கான் என்று அவள் பேசுகிற விதத்திலேயே யார் என்று தெரிந்தது. வசுமதியும் அக்காவும் விட்டுப்போகவில்லை என்பது அவருக்குத் தெரியும், அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது என்று மூவருமே ஒரு ஏற்பாட்டில் இருந்தார்கள். அக்கா இன்றைக்கு அந்த ஏற்பாட்டை மீறிப் போனை அவர் கையில் வைத்தாள். அவர் அதைக் காதில் வைத்தார். அதே மூச்சு, ஆனால் இப்போது படிப்பதற்கு எதுவும் இல்லாத மூச்சு.

“கண்ணு சரியாயிடுச்சாமே” என்றாள்.

“ஆமா.”

“நான் படிச்சதைக் கேட்டீங்கன்னு அண்ணி சொன்னாங்க.”

அக்காவிடம் அவர் சொன்னதே இல்லை. இயர்போனுக்கு வெளியே வழிந்த சத்தம் போதுமாயிருந்திருக்கிறது அவளுக்கு. “வேற வேலை இல்ல” என்றார். சொன்ன பிறகு அது சரியான பதில் இல்லை என்று பட்டது. “நல்லாப் படிக்கிற” என்றார்.

ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே கேட்காதீங்க.”

கடையில் கிடைக்கிற சரக்கு, ஊரே கேட்கிறது, நான் மட்டும் ஏன் கூடாது என்று அவருக்கு வாய் வரை வந்துவிட்டது. பாதியைக் கேட்டும் விட்டார். அவள் கோபப்படாமல் பதில் சொன்னாள், அந்த மாதிரி நிதானம் அவளிடம் அவர் பார்த்ததில்லை, அல்லது இருந்தும் அவர் பார்க்கவில்லை.

“ஊருக்குத்தான் படிக்கிறேன். மைக் முன்னாடி உட்காரும்போது எதிர்ல ஒருத்தர் இருந்து கேட்கிற மாதிரி நினைச்சுப்பேன். முகம் இல்லாத ஒருத்தர். அவருக்குச் சொல்ற மாதிரி சொல்லுவேன். அப்பதான் வரும் எனக்கு. அண்ணி சொன்னதிலேர்ந்து அங்க உங்க முகம் வந்து உட்கார்ந்திருக்கு. நேத்திக்கு ஒரு பக்கம் படிக்க முடியல. தொண்டை திறக்கல.”

தில்லைநாயகம் வெள்ளைத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இப்போது கேட்கிறேனே என்று சொல்லலாம். ஒரு மாதமாகக் கேட்டேனே, ஒரு மூச்சு விடாமல் கேட்டேனே என்று சொல்லலாம். அது பொய். காலையிலிருந்து ஒரு மாடிப்படியைத் தாண்டவில்லை. அவள் கேட்பது என்ன, ஒரு நாற்காலியைக் காலி செய்யச் சொல்கிறாள், அவ்வளவுதான், இருபத்துச் சொச்சம் வருஷம் எதிரே உட்கார்ந்திருந்து காலியாகவே வைத்திருந்த நாற்காலி, இப்போது போய் அதில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றால் எப்படி. ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, அக்கா மேல் என்று வைத்துக்கொண்டார்.

“சரி” என்றார். “கேட்கல.” பிறகு, வைத்துவிடுவாளோ என்று அவசரமாக, “அந்தக் கதை முடியல. அந்த அம்மா வாயைத் திறக்கிற இடத்துல டாக்டர் கூப்பிட்டுட்டார்” என்றார்.

மறுமுனையில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது, சிரிப்பா என்று தெரியவில்லை. “அண்ணிக்குத் தெரியும், தொடரா வந்தப்பவே படிச்சிருக்காங்க” என்றாள். “கண்ணைப் பார்த்துக்கங்க.” வைத்துவிட்டாள்.

அவர் அக்காவிடம் அவள் போனைக் கொடுத்துவிட்டுத் தன் போனை எடுத்தார். அந்த ஒலிப்புத்தகச் சமாச்சாரத்தை அழித்துவிட வேண்டும், சொன்ன சொல் காயும் முன்னால். திரையில் எல்லாம் ஒரே மங்கலாக, மையில் தண்ணீர் கொட்டின மாதிரி இருந்தது. இதை எடுத்துவிடு என்று அக்காவிடம் நீட்டினார். அவள் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து, எதையோ அழுத்தி, டார்ச் விளக்கை எரியவிட்டாள். அணைக்கத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்டா, பக்கத்து வீட்டுப் பொண்ணு எடுத்துடும் என்று மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். நட்ட நடு வெயிலில் அவள் புடவைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அவருக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ரவூப் மேல், சாம்பல் கண் டாக்டர் மேல், பாதியில் கூப்பிட்ட இந்த டாக்டர் மேல், ஞாயிற்றுக்கிழமை மேல். ஞாயிறு கூட்டத்தில் என்ன பேசுவது என்று யோசித்தார், ஒன்றும் பேசப் போவதில்லை என்று தோன்றியது, மற்றவர்கள் பேசட்டும், நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று ரவூபிடம் சொல்லிவிடலாம், ரவூப் விசில் ஊதுவார், ஊதட்டும்.

“அக்கா” என்றார். “அந்த மஞ்சரி கதை. அந்த அம்மா கடைசியில என்ன சொல்லும்?”

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது, முகம் தெரியவில்லை. அது எப்ப வந்தது, எங்க பெரியவ வயித்துல இருந்தப்போ என்று ஆரம்பித்தாள். அப்போது பால்பண்ணைக்காரர் வீட்டில்தான் பத்திரிகை வாங்குவார்கள், அவர்கள் படித்து முடித்துக் கொடுப்பதற்குள் அடுத்த வாரம் வந்துவிடும், ஒரு தடவை அந்த வீட்டுப் பையன் பக்கத்தைக் கிழித்துக் கப்பல் செய்துவிட்டான், அந்த வாரம் என்ன ஆயிற்று என்று தெரியாமல் அவளுக்கு சோறு இறங்கவில்லை. பால்பண்ணைக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றார். அவருக்கு சர்க்கரை, கால் எடுத்தாயிற்று என்றாள். தில்லைநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அந்த அம்மா உடனே ஒன்றும் சொல்லமாட்டாள், முதலில் தண்ணீர் கேட்பாள், அப்புறம் கிணற்றடியில் நடந்ததைச் சொல்வாள் என்றாள் அக்கா.

“அந்த வீட்டுல கிணறு ஏதுக்கா, மலை வீடு. ஊற்றுத் தண்ணிதான்” என்றார் அவர்.

அக்கா யோசித்தாள். ஆமாம், கிணறு வேற கதை, நீ சொல்றது சரி, ஊற்றுதான் என்று ஒத்துக்கொண்டாள். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது, எந்த அத்தியாயத்தில் வந்தது அது, எப்போது உள்ளே போயிற்று. அக்கா மறுபடி முதலிலிருந்து, சின்னவன் காணாமல் போன அன்றைக்கு அந்த அம்மா ஊற்றுக்குப் போனதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். காவிரிப் பாலத்தில் ஏறியதும் காற்றும் லாரிச் சத்தமும் சேர்ந்து அவள் குரலை அள்ளிக்கொண்டு போயின. தில்லைநாயகம் சீட்டில் அவள் பக்கமாக நகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, காதைத் திருப்பிக் கொடுத்தார்.